குரல் வேறு, கூற்று வேறு

சரோஜ் நாராயண்சுவாமி 2022 ஆகஸ்ட் 13 அன்று மும்பையில் காலமானார். வயது 87. அதையொட்டி வந்த அஞ்சலிக் குறிப்புகளை இதழியல் வகுப்புக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன். கணீர், கம்பீரம், வெண்கலம், வசீகரம் என்று அவற்றில் நிறைந்திருக்கும் சொற்கள் எல்லாம் குரலைப் பற்றியவை. டெல்லி வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் சுமார் 35 ஆண்டுகள் இருந்த ஒரு பெண் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று சொல்லும் வரியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் இறந்துபோனால் அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று யாரும் முதல் வரியில் எழுதுவதில்லை.

அகில இந்திய வானொலி அந்தப் பதவிக்கு வைத்த பெயர் செய்தி வாசிப்பாளர் - மொழிபெயர்ப்பாளர். இரண்டில் பின்னதுதான் ஆளைப் பிழியும் வேலை. பொதுச் செய்தி அறையிலிருந்து ஆங்கிலத்தில் செய்திகள் வரும். ஒவ்வொரு மொழிப் பிரிவும் அதைத் தன் மொழியில் பெயர்த்து, கொடுக்கப்பட்ட நிமிடத்துக்குள் அடங்கும்படி சுருக்கி, ஒலிபரப்புக் கூடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலச் செய்தி, யார் என்ன செய்தார் என்பதை முதல் சில சொற்களிலேயே கொட்டிவிடும். எங்கே, எதற்காக, யார் முன்னிலையில் என்பதெல்லாம் வாலாகத் தொங்கும். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். நேராகப் பெயர்த்தால், இரண்டு நாடு, இரண்டு அமைச்சர், ஒரு தொகை, ஒரு தேதி எல்லாவற்றையும் நினைவில் சுமந்துகொண்டு, ஒப்பந்தம் கையெழுத்தானதா முறிந்துபோனதா என்று தெரியாமல் கேட்பவர் காத்திருக்க வேண்டும். அச்சில் படிப்பவரின் கண் மேலே போய்த் திரும்பி வரும். காதுக்கு அந்த வசதி இல்லை. அதிலும் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேட்கிற காது.

ஆகவே வாக்கியத்தை வெட்ட வேண்டும். வெட்டிய துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைமுற்று தர வேண்டும். 'அவர்' என்று விட்டால் எந்த அவர் என்ற குழப்பம் வரும் என்பதால் பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டும். பெரிய எண்களைக் காது பிடிக்கும் அளவுக்கு முழுமையாக்க வேண்டும். ஆங்கிலத்தில் நேற்றுத்தான் பிறந்த நிர்வாகச் சொல்லுக்கு இன்று காலைக்குள் தமிழ்ச்சொல் வேண்டும், அகராதியைப் புரட்ட நேரமில்லை. சரோஜ் நாராயண்சுவாமி வாசித்தபோது மூச்சுவிட இடம் இருந்தது, எதுவும் தவறிப்போகவில்லை என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த இடம் தொண்டையில் இருந்ததைவிடத் தாளில் இருந்தது. மும்பையில் வளர்ந்த பெண் தமிழகத்தின் ஊர் ஊருக்கும் புரிகிற செய்தித்தமிழைச் செய்தார் என்றால், அது ஆய்வு செய்ய வேண்டிய மொழிச் சாதனை. என் மாணவிகளுக்குக் காட்ட அவர் பெயர்த்த ஒரு செய்தியறிக்கையின் தாள் என்னிடம் இல்லை. குரல் யூடியூபில் கிடைக்கிறது.

'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி' என்ற வரியை மிமிக்ரி மேடைகளில் ஆண்கள் குரல் மாற்றிச் சொல்லிக் கைதட்டு வாங்கியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிண்டலும் புகழ்ச்சியும் ஒரே இடத்தைத்தான் தொட்டன. வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். வாசிப்பது என்றுதான் இருக்கிறது. மொழிபெயர்த்தது யார் என்று அது சொல்வதில்லை. ஆண்கள் வாசித்தபோதும் அதே வரிதான், உண்மை. ஆனால் அதே டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த பூர்ணம் விஸ்வநாதனுக்கு அது வாழ்க்கையின் முதல் அத்தியாயம். நடிகர், நாடகக்காரர் என்று அவருக்கு அடுத்தடுத்து முகங்கள் கிடைத்தன. இந்த அம்மாவுக்குக் கடைசிவரை தரப்பட்ட அடையாளம் குரல் ஒன்றுதான். வரியில் பாதி வேலை விடுபட்டுப் போனால், ஏற்கெனவே உழைப்பு கண்ணில் படாத பாலினத்துக்குத்தான் நட்டம் அதிகம்.

தமிழ் சினிமாவும் வானொலிப் பெண்ணை இப்படியே கற்பனை செய்கிறது. ராதாமோகன் இயக்கிய 'காற்றின் மொழி' (2018), இந்தியில் வந்த 'தும்ஹாரி சுலு'வின் மறுவாக்கம். ஜோதிகா நடித்த இல்லத்தரசி ஒரு போட்டியில் வென்று, பண்பலை நிலையம் ஒன்றில் இரவு நேர நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆகிறார். படத்தில் எனக்குப் பிடித்தது, அவருக்கு வாய்ப்புத் தருகிற மேலதிகாரியும் ஒரு பெண் என்பது. இரண்டு பெண்களுக்கும் இடையே கற்றுக்கொடுத்தலும் கற்றுக்கொள்ளலும் இருக்கிறது. ஆனால் அவருக்கு வேலை கிடைப்பது 'ஹலோ' சொல்லும் விதத்துக்காக. நடு இரவில் ஆண்கள் கூப்பிடுகிறார்கள், அவர் சமாளிக்கிறார், குடும்பம் சங்கடப்படுகிறது. அந்தப் பெண்ணுக்குச் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கக்கூடும் என்று கதைக்குத் தோன்றவே இல்லை. கதையைக் குறை சொல்லியும் பயனில்லை. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இந்த நாட்டில் அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குக் குரல் என்பதும் கூற்று என்பதும் ஒன்றல்ல. அகப்பாடலின் அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று குறிப்பிருக்கும். யார் பேசலாம், யாரிடம் பேசலாம், எந்தச் சூழலில் பேசலாம் என்ற உரிமையையும் சேர்த்துச் சொல்வது கூற்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றுக்கு உரியவர்களைச் சொல்லும் இடத்தில் கூற்று இல்லாதவர்களையும் சொல்கிறது. ஊரார், அயலார், சேரியோர், தலைவியின் நோயை அறிந்தவர்கள், தந்தை, தமையன். இவர்கள் பாட்டுக்குள் நேரடியாகப் பேச முடியாது. இவர்கள் சொன்னதாக வேறொருவர் எடுத்துச் சொன்னால் மட்டுமே இவர்கள் பேச்சு உள்ளே வரும். கொண்டெடுத்து மொழிதல் என்று இதற்குப் பெயர். (அப்பாவும் அண்ணனும் அந்தப் பட்டியலில் இருப்பதைச் சொன்னால் வகுப்பில் முதலில் எழுவது சிரிப்புதான்.) அன்றைய சேரி, இன்று நாம் அந்தச் சொல்லால் குறிக்கும் இடம் அல்ல; மக்கள் சேர்ந்து வாழும் பகுதி என்ற அளவில்தான் பொருள். தலைவி கூற்று என்று குறிக்கப்பட்ட பாடல்களில் பெரும்பகுதியை ஆண் புலவர்கள்தாம் பாடினார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை. இருந்தாலும் யாருக்குக் கூற்று, யாருக்குக் கொண்டெடுத்து மொழிதல் என்ற பிரிவினை எனக்கு வானொலியைப் படிக்கப் பயன்படுகிறது.

நான் இருக்கும் பெரும்பாக்கத்தில் இந்தப் பாடத்தை நடத்துவதற்கு ஒரு வசதி உண்டு. தொல்காப்பியத்தையும் சங்க இலக்கியத்தையும் ஆராயும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. இதே பெரும்பாக்கத்தில்தான் கூவம், அடையாறு கரைகளிலிருந்து, அதிலும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவில், பெயர்த்துக்கொண்டு வரப்பட்ட மக்களின் எட்டு மாடிக் குடியிருப்புகளும் வரிசை வரிசையாக நிற்கின்றன. என் மாணவிகளில் பலர் அங்கிருந்து வருகிறார்கள். பெரும்பாக்கத்தைப் பற்றி ஊடகங்களில் வரும் செய்திகளை எடுத்துப் பாருங்கள். காவல்துறை சொன்னது இருக்கும், அதிகாரிகள் சொன்னது இருக்கும், தொண்டு நிறுவனம் சொன்னது இருக்கும். அந்த வீடுகளில் வாழும் பெண், பெரும்பாலும், தண்ணீர்க் குடத்தோடு படத்தில் இருப்பாள்.

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் தரலாம் என்று அரசு முடிவெடுத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். கிண்டியில் ஒலிக்கத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. இவை எல்லாம் நல்ல செய்திகள். ஆனால் திறந்த கதவுக்குள் ஒரு நிபந்தனை இருந்தது: செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பக் கூடாது. பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். விளையாட்டு, வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவை செய்தி அல்ல என்று வகைப்படுத்தினார்கள். மின்சாரம், குடிநீர், நல்வாழ்வு பற்றிய அறிவிப்புகளும் சொல்லலாம், உள்ளூர் நிர்வாகம் தருகிறபடி. இந்தக் கடைசிச் சொற்களைப் படித்தபோது எனக்குச் செய்யுளியல்தான் ஞாபகம் வந்தது. குழாயில் தண்ணீர் வரும் என்பது அறிவிப்பு. வரவில்லை என்று அந்தத் தெருப் பெண் சொன்னால் அது செய்தி, ஆகவே ஆகாது. நடைமுறையில் சமுதாய வானொலிக்காரர்கள் நேர்காணல், கலந்துரையாடல், நாடகம் என்று பெயர் வைத்து இதையெல்லாம் பேசத்தான் செய்கிறார்கள். பெயர் மாற்றிப் பேச வேண்டியிருப்பதே நான் சொல்லவருவது.

என் இருபதுகளில் ஒரு வானொலி நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளராகச் சில காலம் போயிருக்கிறேன். கேஷுவல் என்றால்தான் அங்கே புரியும். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. ஒரு முறை வந்தால் ஒரு முறைக்குக் கூலி. மாதத்துக்கு ஆறு முறைக்கு மேல் அழைக்க மாட்டார்கள், அழைத்தால் நிரந்தரம் கேட்டுவிடுவோம் என்ற பயம். அங்கே எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என்னைப்போலவே கேஷுவலாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஓர் அக்கா. அவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் இல்லை, சொல்லிக்கொடுத்ததாக எந்தப் பதிவேட்டிலும் இல்லை. புதிதாக வரும் பெண்களின் தாளை வாங்கி, சிவப்புப் பேனாவால் மூச்சு நிறுத்தும் இடங்களில் கோடு போடுவார். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் பேனாவை வைத்து, "இது யாரு சொன்னதும்மா?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்குள் வானொலி இதழியலின் பாதி இருக்கிறது. தமிழ்ச் செய்தியில் சொன்னவரைக் கடைசியில் வைப்பது வழக்கம். 'எல்லா மின்தூக்கிகளும் நல்ல முறையில் இயங்கி வருகின்றன, பழுதுகள் உடனுக்குடன் சரிசெய்யப்படுகின்றன என்று அதிகாரி ஒருவர் தெரிவித்தார்.' அச்சில் இது பெரிய ஆபத்தில்லை. காதில் கேட்கும்போது, 'என்று' வரும்வரை அது நிலையத்தின் சொந்த வாக்குமூலமாக ஒலிக்கிறது. பாதியில் குக்கர் விசில் அடித்தால் அதிகாரி காணாமல் போவார், கூற்று மட்டும் உண்மையாக நின்றுவிடும். 'அதிகாரி ஒருவர் சொல்வது இது' என்று தொடங்கினால் கேட்பவள் அதை ஒரு தரப்பாக எடுத்துக்கொள்வாள். பெயரடைகளைக் குறை, நடுநிலையாக இரு என்று இதழியல் நூல்கள் சொல்வதைவிட இந்த வாக்கிய மாற்றம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

அக்காவின் கேள்வியை இப்போது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு மூன்றாமாண்டு மாணவிகளுக்குக் கைபேசியில் ஐந்து நிமிடச் செய்தியறிக்கை செய்துவரச் சொன்னேன். ஆறாவது மாடியில் குடியிருக்கும் ஒருத்தி தன் பிளாக்கின் மின்தூக்கியைப் பற்றிச் செய்துவந்தாள். நான்கு பெண்கள் பேசியிருந்தார்கள். ஒருவர் நிறைமாதம். ஒருவர் வீட்டு வேலைக்குப் போகிறவர், மூட்டுவலி, ஒரு நாளைக்கு ஒரு முறைதான் இறங்குவேன், மறந்ததை மறந்ததுதான் என்றார். பதிவு அருமை. ஆனால் மாணவி எழுதி வாசித்த பகுதியில் அந்தப் பெண்கள் 'குடியிருப்புவாசிகள் குற்றம் சாட்டுகின்றனர்' என்ற வரிக்குள் போய்விட்டார்கள். அதிகாரியோ 'விளக்கம் அளித்தார்'.

"இந்தம்மா குற்றம் சாட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேம், நடந்ததைத்தான் சொன்னாங்க. நியூஸ்ல அப்படித்தானே எழுதுவாங்க."

அப்படித்தான் எழுதுகிறார்கள். மேலே இருப்பவர் விளக்குவார், தெரிவிப்பார், சுட்டிக்காட்டுவார். கீழே இருப்பவர் புகார் கூறுவார், குமுறுவார், கண்ணீர் மல்கக் கேட்பார். சாதியும் வர்க்கமும் பாலினமும் தமிழ் இதழியலின் வினைச்சொற்களில் இவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்திருக்கின்றன. அவள் மறுபடி எழுதினாள். தன் பிளாக்கில் மின்தூக்கி எத்தனை நாள் நின்றது என்று மூன்று வாரம் சுவரில் குறித்துவைத்து, அந்த எண்ணைத் தன் வாக்கியமாகவே சொன்னாள். நான்கு பெண்களும் 'சொன்னார்கள்'. அதிகாரியும் 'சொன்னார்'. முடிவில், 'எழுதி வாசித்தது' என்று தன் பெயரைச் சேர்த்திருந்தாள். அதை நான் சொல்லித்தரவில்லை. ஒலிபரப்ப நிலையம் இல்லாததால் அவர்கள் பிளாக்கின் வாட்ஸப் குழுவில் போட்டாள். அன்று இரவு அவள் அப்பாவிடம், பெண்ணைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். தொல்காப்பியர் கூற்று தராத அந்தத் தந்தை என்ன பதில் சொன்னார் என்பதை அவள் எடுத்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: "அவ எழுதுனது, அவகிட்டயே கேளு."

இந்தப் பெண்ணை வானொலிக்கு வா என்று அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் வானொலி நிலையத்தில் ஓர் அதிகாரியின் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்த ஒன்பது பெண்களும் தற்காலிக அறிவிப்பாளர்கள். புகாருக்குப் பிறகு அதிகாரிக்கு இடமாற்றம், தங்களுக்கு அழைப்பே இல்லை என்று அவர்கள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். கேஷுவலை யாரும் வேலையைவிட்டு நீக்க வேண்டியதில்லை. அடுத்த மாதப் பட்டியலில் பெயர் எழுதாமல் விட்டால் போதும். குரலைக் கொண்டாடுகிற நிறுவனம் குரலுக்குரியவளை இப்படி வைத்திருப்பதில் முரண் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குரல் என்று சுருக்கிவிட்டால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே மாச்னூர் கிராமத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ, 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்பே பதிவுக்கூடம் கட்டிவிட்டார்கள். உரிமம் மட்டும் வரவில்லை. காத்திருந்த காலத்தில் சும்மா இருக்கவில்லை. விதை, மண், மருந்து, பாட்டு என்று பதிவு செய்து, ஒலிநாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரண்டு பெண்கள் அந்த நிலையத்தை நடத்துகிறார்கள். அவர்களுடைய வானொலிப் பயிற்சி என்பது, தங்கள் அம்மா வயதுப் பெண்கள் பேசுவதைப் பத்தாண்டுகள் வெட்டாமல் கேட்டுப் பதிவு செய்ததுதான். அவர்கள் பேசும் தெலுங்கு பாடப்புத்தகத் தெலுங்கு அல்ல, அந்த ஊர்த் தெலுங்கு. உச்சரிப்புத் தேர்வு வைத்திருந்தால் ஒருவரும் தேறியிருக்க மாட்டார்கள். சமுதாய வானொலியைப் பற்றி எழுதும் நம் ஆட்கள் அண்ணா எஃப்.எம். முதலாவது என்பதைப் பெருமையோடு சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிலையத்தை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வியில் மாச்னூர் நமக்கு வெகு முன்னால் இருக்கிறது.

தமிழ்த்துறைகளில் இதழியல் தாள் இருக்கிறது. வானொலிக்கு அதில் ஓர் அலகு. வரலாறு, வகைகள், வானொலி உரைக்கான மொழிநடை, நல்ல அறிவிப்பாளரின் தகுதிகள். தகுதிகளில் முதலாவது என்ன என்று நீங்களே யூகிக்கலாம். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக அது அடிக்கடி வருகிறது, பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள்.

ஆறாவது மாடிப் பெண்ணைப் போன மாதம் ஒரு தனியார் பண்பலையின் குரல் தேர்வுக்கு அழைத்தார்கள். போய்விட்டு நேராக என் அறைக்கு வந்தாள். "வாய்ஸ் சூப்பரா இருக்குன்னாங்க மேம். ஸ்கிரிப்ட் நானே எழுதலாமான்னு கேட்டேன். அதுக்கு ஆள் இருக்காங்கன்னு சொன்னாங்க." வீட்டில் அந்தச் சம்பளம் தேவை. போ என்றுதான் சொன்னேன். பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தார்கள். கடிதத்தோடு அவள் எழுதிய மூன்று செய்தியறிக்கைகளின் தாள்களையும் இணைத்து அனுப்பினேன். அவற்றில் மின்தூக்கி பற்றியதை மேலே வைத்தேன்.